எஞ்சினுக்கு ஒரு கணப்பு: 'பிளாக் ஹீட்டர்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகக் குடியேறும் தமிழர்களுக்காக வண்டிப் பராமரிப்புக் கையேடு எழுதிவரும் கனடா நண்பர், கடும் குளிரில் வண்டி கிளம்புமுன் எஞ்சினின் உடலை (பிளாக்கை) மின்சாரத்தால் சூடாக்கும் 'பிளாக் ஹீட்டர்' என்பதற்கு நம் குழுவில் ஒரு சொல் கேட்டிருந்தார். இரண்டே நாளில் பதினோரு மடல்கள் வந்துவிட்டன. இப்போதைக்கு முன்னால் நிற்பது 'எந்திரத் தொகுதி வெப்பமூட்டி'. இதைச் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சின் தானாகவே சூடாகிவிடும்.

குன்னூரில் இருபத்து மூன்று ஆண்டுகள் பட்டறை வைத்திருந்தவன் நான். பிளாக் ஹீட்டர் பொருத்திய வண்டி ஒன்றுகூட என் பட்டறைக்கு வந்ததில்லை. ஜனவரியில் உதகைக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் புல் வெளுத்துக் கிடக்கும், பாத்திரத்துத் தண்ணீரின் மேல் கண்ணாடி போல் ஏடு படியும். எங்கள் குளிர் அந்த அளவோடு சரி. சுழியத்துக்குக் கீழே முப்பது டிகிரி என்கிற குளிர் வேறு சாதி.

ஆனால் அந்தக் கருவியின் பாட்டனை நான் பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் கடைசி. கேத்தியில் கேரட் மூட்டை ஏற்றிய பழைய லாரி ஒன்று, மேட்டுப்பாளையம் மண்டிக்கு விடியுமுன் இறங்க வேண்டும். செல்ஃப் போட்டால் நோயாளி போல ஒரு முனகல், பிறகு ஒன்றுமில்லை. ஆள் அனுப்பினார்கள், போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது கிளீனர் பையன் ஓர் இரும்புச் சட்டி நிறையத் தணலை ஆயில் சேம்பருக்கு அடியில் தள்ளிவிட்டு, அதன் ஓரத்திலேயே குந்தித் தன் கையையும் காட்டிக்கொண்டிருந்தான். டீசல் சொட்டும் இடத்தில் நெருப்பா என்று கத்தினேன். ஓட்டுநர் நிதானமாகச் சொன்னார்: "நமக்குக் கணப்பு வேண்டியிருக்கிறது, அதற்கு வேண்டாமா அண்ணே?" இருபது நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. யாரும் அப்படிச் செய்யாதீர்கள். ஆனால் குளிர்காயும் நெருப்புக்கு அவர் சொன்ன 'கணப்பு' என்ற அந்தச் சொல்லைத்தான் இன்று இங்கே கொண்டுவருகிறேன்.

பெயர் வைக்குமுன் பொருளைப் பார்த்துவிடலாம். கடும் குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டிப்படுகிறது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய தேங்காய் எண்ணெய் உதகை வந்ததும் கட்டிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயில் அப்படிக் கல்லாகாது, பாகாகும். அந்தப் பாகைக் கிழித்துக்கொண்டு எஞ்சின் சுழலக் கூடுதல் வலு வேண்டும். அதே குளிரில் பேட்டரியின் வலுவோ குறைந்திருக்கும். டீசலில் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைப்பது தனிக்கதை. பிளாக் ஹீட்டர் செய்வது இவ்வளவுதான்: சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீரறைக்குள் மின்சாரத்தில் சூடேறும் ஒரு கம்பி. பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 400 முதல் 1,000 வாட். பம்பு ஓடாது, சூடான நீர் மேலே ஏற, குளிர்ந்தது கீழே இறங்க, இரும்பு முழுவதும் மெல்ல வெதுவெதுக்கும். கிளம்புவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால் சொருகினால் போதும். இதில் முதல் வகைகளில் ஒன்றுக்கு வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்க்காரர் ஆண்ட்ரூ ஃப்ரீமேன் 1949இல் காப்புரிமை பெற்றார். சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் போல்ட்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சூடேறும் போல்ட் ஒன்றைப் போட்டார். எளிய மூளை, நல்ல மூளை.

இப்போது சொல். 'வெப்பமூட்டி' என்றால் நம் பட்டறைகளில் எந்த ஹீட்டர் என்று கேட்பார்கள். டீசல் வண்டியில் குளிரும்போது சில நொடி சிவந்து எரியறையைச் சூடாக்கும் குளோ பிளக்கையே இங்கே 'ஹீட்டர் பிளக்' என்றுதான் சொல்கிறோம். காருக்குள் கால்மாட்டில் வெதுவெதுப்பான காற்று வீசுவதும் ஹீட்டர். 'முன்சூடேற்றி'யும் உதவாது, குளோ பிளக்கும் முன்கூட்டித்தான் சூடேற்றுகிறது.

எனக்கு அதைவிடப் பெரிய குறை, வெப்பம் என்ற சொல்லே இங்கே மிகை. இந்தக் கருவி எஞ்சினைக் கொதிக்க வைப்பதில்லை, கணகணவென்று வைக்கிறது. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டு நாம் சொல்கிற அதே கணகணப்பு. அதிலிருந்து வந்தது கணப்பு, கணப்புச் சட்டி. ஆகவே என் பரிந்துரை: எஞ்சின் கணப்பு.

சூட்டின் அளவை நான் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், 'கூலிங் சிஸ்டம்' என்ற பெயர் செய்த கேட்டைக் கண்ணால் கண்டவன். பெயரில் குளிர் இருப்பதால் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அந்த அமைப்பின் வேலை எஞ்சினை ஒரு சூட்டில் நிறுத்தி வைப்பது. தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு 82, 88 டிகிரி என்று அதற்குக் குறித்த அளவில் உருகி விரிந்தால்தான் ரேடியேட்டருக்கு வழி திறக்கும். அதுவரை நீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும்.

ஒருமுறை மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் உதகைக்கு ஏறி வந்த ஜீப் ஒன்று கொதித்துவிட்டது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் நம் வண்டிகள் பிழைக்கின்றன. அந்த ஜீப்பில் மூடியின் ரப்பர் நைந்திருந்தது. வழியில் ஒருவர் மூடியை விட்டுவிட்டுத் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்திருந்தார்! திருடன் ஒருவன், உதை வாங்கியவன் வேறொருவன். அந்த மார்கழி முழுவதும் எஞ்சின் சூடேறவே இல்லை; டீசல் குடித்தது, வெள்ளைப் புகை கக்கியது. புது மூடியும் புது தெர்மோஸ்டாட்டும் போட்ட பிறகே அடங்கியது.

இன்னொன்று. எஞ்சினுக்குள் சுற்றும் அந்த நீரை, அதாவது கூலன்ட்டை, 'குளிர்விப்பான்' என்று எழுதினால் கையேட்டில் 'கருவி குளிர்விப்பானைச் சூடாக்குகிறது' என்று ஒரு வரி வரும். படிப்பவர் சிரிப்பார். 'கூலன்ட்' என்றே விட்டுவிடலாம்.

குன்னூரிலிருந்து

* * *

> ஆகவே என் பரிந்துரை: எஞ்சின் கணப்பு

குன்னூர் ஐயாவுக்கு வணக்கம். கொடைக்கானலில் எங்கள் பாட்டி கணப்பு என்பார். என் பிள்ளைகளுக்கு அது 'ஃபயர் பிளேஸ்'தான். வழக்கொழிந்துவரும் சொல்லைக் கையேட்டில் வைத்தால் யாருக்குப் புரியும்? அதோடு கணப்பு என்றாலே தீ. மின்கருவிக்குப் பொருந்துமா? கருவி என்று தெரியும்படி 'கணப்பி' என்றாவது வைக்கலாமே?

* * *

கொடைக்கானல் தம்பிக்கு,

திரி போய், எண்ணெய் போய், இப்போது உள்ளே எரியும் இழையும் போய்விட்டது. இருந்தும் அதை விளக்கு என்றுதான் சொல்கிறோம். அடுப்பில் விறகு இல்லை, மின்அடுப்பு என்கிறோம். கணப்புக்கு மட்டும் ஏன் தீ கேட்கிறீர்கள்?

'கணப்பி'யில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் வாய்க்கு வரவில்லை. நான் ஒரு சொல்லை வீட்டுப் பேச்சில் வைத்துப் பார்ப்பேன். "ராத்திரி கணப்பைச் சொருக மறந்துவிட்டேன், வண்டி கிளம்பவில்லை." இது ஒரு கணவன் மனைவியிடம் சொல்லக்கூடிய வாக்கியம். "வெப்பமூட்டியை இணைக்க மறந்துவிட்டேன்" என்பது விசாரணை அதிகாரியிடம் சொல்வது. பிள்ளைகளுக்குத் தெரியாது என்கிறீர்கள். உறைபனியில் கையை நீட்டி ஒருமுறை குளிர்காய்ந்தால் தெரிந்துகொள்வார்கள்.

அப்படியே குளோ பிளக்குக்குத் 'தணல்முனை' என்றும் ஒன்று வைத்திருக்கிறேன். இதில் எனக்கே அரை மனம்தான், வெட்டலாம்.

கனடா நண்பருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கணப்பைப் பொருத்தும் ஓட்டையின் மூடிக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ரீஸ் பிளக்' என்று உறைவோடு சேர்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள், நீர் உறைந்தால் அந்த மூடி தெறித்து பிளாக்கைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில். சில நேரம் தெறிக்கும். பல நேரம் பிளாக் வெடித்துவிடும். உண்மையில் அந்த ஓட்டை பிளாக்கை வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை வெளியே எடுத்த துளை. 'உறைவு மூடி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'வார்ப்புத்துளை மூடி' சரியாக வருமா, உங்கள் ஊர்ப் பட்டறைத் தமிழர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

குன்னூரிலிருந்து