எச்7-ல் பிஷப்பைக் கொடுத்தும் தாக்குதல் பாதியில் நிற்கிறது, எப்போது அடிப்பது?

கேள்வி (பென்னாகரம்):
வணக்கம். சதுரங்கத்தில் நான் வெள்ளை (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). சிப்பாய்கள் டி4, இ3, பிஷப்புகள் டி3, சி1, ராணி டி1, குதிரை எஃப்3, எச்1 ரூக் அசையவில்லை. கறுப்பு ராஜா பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் ரூக்கையும் ஒரே நகர்த்தலில் மாற்றி ராஜாவை ஒதுக்குவது) முடித்துவிட்டது. பிஷப் இ7, குதிரை டி7. பிஷப்பால் எச்7-ஐ வெட்டினேன், ராஜா வெட்டியது. குதிரை ஜி5 செக் (ராஜாவுக்கு மிரட்டல்), ராஜா ஜி8, ராணி எச்5. உடனே டி7 குதிரை எஃப்6 வந்து ராணியை விரட்டிவிட்டது. எங்கே பிசகு?

பதில் (காவேரிப்பட்டணம்):
யோசனை சரி தம்பி, நேரம்தான் சரியில்லை. ஜி5 செக் வந்தபோதே இ7 பிஷப் அந்தக் குதிரையைச் சும்மா வெட்டியிருக்கலாம். உங்கள் சி1 பிஷப்பை இ3 சிப்பாயே மறைக்கிறது.

முதலில் இ4, பிறகு இ5. இ4-லேயே நிறுத்தினால் டி3 பிஷப்பின் வழி அடைபடும். (கறுப்புக்கு டி5-ல் சிப்பாய் இருந்தால் இ4-ஐ வெட்டிவிடும், அங்கே இந்தத் திட்டம் செல்லாது.) இ5 வந்ததும் எஃப்6 கறுப்புக் குதிரைக்கு இல்லை, சி1 பிஷப்புக்கு ஜி5 வரை வழி. அடுத்து எச்4. கேஸ்லிங் வேண்டாம், ரூக் எச்1-லேயே நிற்கட்டும். இப்போது எச்7-ல் அடியுங்கள், பிறகு குதிரை ஜி5 செக். இ7 பிஷப் ஜி5-ல் வெட்டினால் எச் சிப்பாய் திருப்பி வெட்டும்போதே ரூக்கின் செக் விழும். ராஜா ஜி8, ராணி எச்5, அடுத்தது எச்8-ல் மேட் (ராஜா தப்ப வழியில்லாத செக்). கறுப்பு எஃப்5 தள்ளித் தப்பப் பார்த்தால் உங்கள் ஜி5 சிப்பாயை ஜி6 வைத்து எஃப்7-ஐ அடைத்துவிடுங்கள். இத்தாலியச் சதுரங்க ஆட்டக்காரர் கிரேக்கோ 1620-ஐ ஒட்டி எழுதிவைத்த ஓர் ஆட்டத்திலும் முடிவு இப்படித்தான் வரும்.

கேள்வி (பென்னாகரம்):
நன்றி அண்ணா. ஜி5 குதிரையின் செக்குக்கு ராஜா ஜி6 ஏறினால்?

பதில் (ஓசூர்):
அடிக்கும் முன் கணக்குப் போட வேண்டியதே அந்த ஜி6-தான். எச்5 சிப்பாய் செக். ராஜா எச்6 போனால் குதிரை எஃப்7-ல் வெட்டி இரட்டைச் செக் (குதிரையும் சி1 பிஷப்பும் சேர்ந்து), கூடவே டி8 ராணியும் போச்சு. எஃப்5-க்கு ஓடினால் ஜி4 மேட்: இ4-ஐ ஜி5 குதிரை பார்க்கிறது, எஃப்4-ஐ சி1 பிஷப் பார்க்கிறது, இ5-ஐ டி4 சிப்பாய் காக்கிறது.

ஆகவே கறுப்பு சி5 தள்ளி டி4-ஐ வெட்டிவிட்டால் இந்த மேட் கிடையாது. ராஜா இ5 சிப்பாயை வெட்டிக்கொண்டு வெளியே நடந்துவிடும். கறுப்பு ரூக் இ8 போய், டி7 குதிரை எஃப்8-ல் இறங்கினாலும் எச்7-க்குக் காவல் வந்துவிடும். இந்த இரண்டில் ஒன்று நடப்பதற்குள் அடிக்க வேண்டும்.