720 நானோமீட்டர் ஃபில்டர் போட்டும் ஃப்ளேம் நெபுலாவுக்குள் ஒன்றும் தெரியவில்லை: கேமராவில் கோளாறா?

அம்மாபேட்டை வான்நோக்கி: பழைய கேமராவின் சென்சார்மீது இருந்த அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பை மட்டும் விடும் ஃபில்டரைப் பொருத்தியிருக்கிறேன். தொலைநோக்கி 6 அங்குல நியூட்டோனியன். ஏற்காட்டில் பகோடா பாயிண்ட் பக்கம் மூடுபனி விலகிய இரவில், ஓரியன் இடைவாரின் கிழக்குக் கோடியில் அல்நிடக் விண்மீனை ஒட்டியுள்ள ஃப்ளேம் நெபுலாவை (என்ஜிசி 2024) எடுத்தேன். நடுவில் ஓடும் கரும்பட்டைக்குள் இளம் விண்மீன் கொத்து ஒளிந்திருக்கிறது அல்லவா? பட்டை கருப்பாகவே நிற்கிறது. சுற்றியுள்ள விண்மீன்களோ உளுந்து வடைபோல நடுவில் ஓட்டையுடன் விழுந்திருக்கின்றன. தூசியை ஊடுருவும் என்று சொல்லித்தான் ஃபில்டரை விற்றார்கள்!

குகை ஆசிரியர்: வடைக்குத் தீர்வு எளிது. கண்ணாடியைக் கழற்றியதும் சென்சாரில் குவியம் இடம் மாறிவிடும். வியூஃபைண்டருக்கு அது தெரியாது. ஃபில்டரைப் போட்டபடியே லைவ் வியூவில் பிரகாசமான விண்மீனைப் பெரிதாக்கிக் குவியுங்கள்.

சேர்வராயன்: கேமராமேல் பழி போடாதீர்கள் தம்பி. சிலிக்கான் சென்சாரின் பார்வை 1.1 மைக்ரானோடு (1,100 நானோமீட்டர்) முடிந்துவிடும். கொத்து நன்றாகத் தெரிவது 2.2 மைக்ரானில், அதாவது கே பட்டை எனப்படும் அகச்சிவப்பு அலைநீளப் பகுதியில். கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒரு மேகம் 20 பொலிவெண் (விண்மீன் பிரகாச அளவு) மங்கவைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பத்துக் கோடி மடங்கு. உங்கள் ஃபில்டர் விடும் ஒளியிலும் ஆயிரக்கணக்கான மடங்கு மங்கும். கே பட்டையில் ஏழெட்டு மடங்குதான். தூசியை ஊடுருவும் என்றவர் எந்தத் தூசி என்று சொல்லவில்லை போலும்!

அம்மாபேட்டை வான்நோக்கி: அப்படியானால் பெரிய தொலைநோக்கி வேண்டுமா ஐயா?

சேர்வராயன்: அளவு அல்ல, உணரிதான் முக்கியம். 1997 முதல் 2001 வரை வானம் முழுவதையும் அகச்சிவப்பில் படமெடுத்த டூமாஸ் ஆய்வுக்கு அரிசோனாவிலும் சிலியிலும் இருந்தவை வெறும் 1.3 மீட்டர் தொலைநோக்கிகள். ஆனால் குளிரூட்டிய பாதரச-காட்மியம்-டெலுரைடு உணரிகள்! அந்தப் படங்கள் இலவசம். அலாடின் என்ற வான்வரைபட மென்பொருளில் என்ஜிசி 2024 என்று தட்டி, சாதாரணப் படத்தையும் டூமாஸ் படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

அம்மாபேட்டை வான்நோக்கி: பார்த்தேன். கரும்பட்டை இருந்த இடம் முழுக்க விண்மீன்கள்! ஆனால் இவற்றில் எது கொத்தைச் சேர்ந்தது, எது வழியில் நிற்பது?

குகை ஆசிரியர்: ஒவ்வொன்றாகச் சொல்வது கடினம். மேகத்துக்கு வெளியே அதே பரப்புள்ள வானத்தில் அதே பொலிவுவரை எண்ணிக் கழியுங்கள். உறுப்பினர் எண்ணிக்கை தோராயமாகக் கிடைக்கும். கே பட்டையில் மட்டும் அளவுக்கு மீறிப் பிரகாசிப்பவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் சூடான தூசித் தட்டு உள்ள குழந்தை விண்மீன்களாக அவை இருக்க வாய்ப்பு அதிகம்.