ஊசி முனை திரையில் ஓரிடம், உண்மையில் வேறிடம்: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடியே கல்லீரலில் ஊசி செலுத்தப் பழகுவதற்காக, எங்கள் உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வகத்தில் ஜெலட்டின் மாதிரி ஒன்றை வைத்து, ஊசியின் நிலையைத் தொடர்ந்து கண்காணிக்கும் அமைப்பை உருவாக்கி வருகிறோம். ஊசியின் கைப்பிடியில் பொருத்திய நான்கு எதிரொளிப்புக் கோளங்களை அகச்சிவப்புக் கேமரா பார்க்க, 3டி ஸ்லைசர் மென்பொருள் முனையின் இடத்தைப் படத்தின் மேல் காட்டுகிறது.

கோளங்களைப் பொறுத்து முனை எங்கே உள்ளது என்பதைக் கணிக்க, முனையைச் சிறு குழியில் ஊன்றிச் சுழற்றிச் செய்யும் அளவுத்திருத்தத்தில் பிழை 0.5 மி.மீ.க்கும் குறைவாகவே வருகிறது. ஆனால், ஜெலட்டினுக்குள் 8 செ.மீ. ஆழத்திலுள்ள இலக்கை எட்டும்போது, திரையில் தெரியும் முனைக்கும் உண்மையான முனைக்கும் இடையே 4 மி.மீ. வரை விலகல் இருக்கிறது. கோளங்களிலிருந்து முனை 200 மி.மீ. தள்ளி இருப்பதால், 1 பாகை கோணப் பிழைகூட முனையில் ஏறத்தாழ 3.5 மி.மீ. ஆகப் பெருகிவிடும் என்பதை அறிவேன். எனினும் ஊசியே உள்ளே வளைந்திருக்கலாம். கைப்பிடியை மட்டும் பார்க்கும் கேமராவுக்கு அந்த வளைவு தெரியாது. இவ்விரு காரணங்களையும் தனித்தனியே அளந்தறிவது எப்படி?

முனைக்குள்ளேயே உணரிச்சுருள் வைத்து, வெளியே உருவாக்கும் காந்தப்புலத்தைக் கொண்டு அதன் இடத்தை அறியும் மின்காந்த முறைக்கு மாறவும் எண்ணுகிறோம். ஆனால் அருகிலுள்ள உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டங்கள் அந்தக் காந்தப்புலத்தைத் திரித்துவிடும். எங்கள் மேசையோ எஃகினால் ஆனது. இத்தகைய சூழலில் பணியாற்றியவர்கள், புலத்திரிபை எவ்வாறு அளந்து திருத்தினீர்கள் என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும். அளவீட்டுத் தரவுகளைக் கேட்பவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.