1969 செவ்ரோலே சி10: மூலைத் தகடு வெல்டிங்ல ஓட்டை விழுது, நெளியுது. உதவி தேவை

ஓஹையோவாசி:
வணக்கம். 1969 மாடல் செவ்ரோலே சி10 பிக்கப் ஒண்ணைச் சரிபண்றேன். பனிக்காலத்துல ரோட்டுல உப்புப் போடுற ஊர். கேபின் பின்பக்கக் கீழ்மூலை ரெண்டும், கதவுக்கு அடியில ஓடுற ராக்கர் தகடும் துரு தின்னுடுச்சு. மாத்துத் தகடு வாங்கியாச்சு. 20 கேஜ், கிட்டத்தட்ட 0.9 மி.மீ. வண்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடி அதே கேஜ் துண்டுல பழகுறேன். வெல்டிங் மெஷின்ல போட்டிருக்கிறது கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோர் வயர் (உள்ள ஃப்ளக்ஸ் பொடி அடைச்ச வெல்டிங் கம்பி), 0.8 மி.மீ. ஒரு இன்ச் ஓட்டினாலே ஓட்டை விழுது, இல்லேன்னா தகடு நெளியுது. ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திப் பத்தவைக்கலாமா, விளிம்போட விளிம்பு சேர்க்கணுமா?

டிங்கர் பட்டறை:
தம்பி, முதல்ல பெட்ரோல் டேங்க். 1967-லேருந்து 72 வரைக்கும் வந்த சி10-ல டேங்க் சீட்டுக்குப் பின்னாடி, கேபினுக்குள்ளயே இருக்கும். நீங்க பத்தவைக்கப் போற மூலை அதுக்குப் பக்கத்துலயே வருது. பெட்ரோலை வடிச்சுட்டா போதாது, உள்ள நிக்கிற ஆவிதான் வெடிக்கும். டேங்கைக் கழட்டி ஷெட்டுக்கு வெளியே தூரமா வச்சுட்டு அப்புறம் மெஷினைத் தொடுங்க. பேட்டரியையும் கழட்டிடுங்க.

ஃப்ளக்ஸ் கோர் மெல்லிசுத் தகட்டுக்குச் சூடு ஜாஸ்தி. 0.6 மி.மீ. சாலிட் வயர் (உள்ள பொடி இல்லாத கம்பி), 75 பங்கு ஆர்கான் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு கேஸுக்கு மாறுங்க. மாறும்போது மெஷினுக்குள்ள போலாரிட்டியையும் மாத்தணும்: ஃப்ளக்ஸ் கோருக்கு டார்ச் (கையில பிடிக்கிற வெல்டிங் கன்) நெகட்டிவ், சாலிட் வயருக்கு பாசிட்டிவ்.

கோடு இழுக்கவே வேண்டாம். ஒரு டேக் (ஒரே புள்ளியில சின்னதா ஒரு வெல்டு), அப்புறம் ஒரு சாண் தள்ளி அடுத்தது. கை வச்சா சுடாத அளவுக்கு ஆறினதும் நடுவுல நிரப்பிக்கிட்டே வாங்க. டேக் ஆறும்போது தகட்டை உள்ள இழுக்கும், நெளிவே அதனாலதான் வருது. பின்னாடி டாலி (தட்டும்போது தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கட்டை) வச்சு, டேக் மேல சுத்தியலால லேசா தட்டினா இழுத்தது திரும்ப விரியும். பட்டியை அள்ளிப் பூசி நெளிவை மறைக்கிற வேலை எனக்குச் சுத்தமா பிடிக்காது.

கண்ணுல படுற இடத்துல விளிம்போட விளிம்புதான். ஏத்தி வச்சா நடுவுல தண்ணி நின்னு மறுபடியும் துரு.

சேலம் ஜீப்:
ராக்கரை அறுக்கறதுக்கு முன்னாடி கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வச்சுப் பத்தவச்சுடுங்க சார். இல்லேன்னா கேபின் தொங்கிடும், கதவு அடையாது. ஒரு பக்கம் முடிச்சுட்டு மறுபக்கம். புதுத் தகட்டை கிளாம்ப்ல பிடிச்சு, கதவை மாட்டி இடைவெளி பார்த்த பிறகே டேக்.

ஓஹையோவாசி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. டேங்க் கழட்டியாச்சு. சாலிட் வயர் போட்டு, போலாரிட்டி மாத்தி, விட்டு விட்டு டேக் அடிச்சதுல ஓட்டை விழல. மூடின பிறகு மூலையோட உள்பக்கத்துக்கு என்ன செய்றது? கை போகாதே.

டிங்கர் பட்டறை:
வெல்டிங் சூட்டுல உள்ள இருக்கிற பிரைமர் எரிஞ்சு போயிருக்கும். பெயின்ட் வேலை முடிஞ்சதும் நீளக் குழாய் முனை வச்ச கேவிட்டி வாக்ஸை (துரு பிடிக்காம இருக்க உள்கூட்டுல அடிக்கிற மெழுகு) உள்ள ஸ்ப்ரே பண்ணுங்க. அடியில தண்ணி வடியுற ஓட்டைகளை மட்டும் அடைச்சுடாதீங்க.