லீஃப் வேக்குவமும் ஈரச் சருகும்: வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

எடிசன்வாசி:
வீட்டில் ஓக் மரம் இருப்பவர்களுக்கு நான் படுகிற பாடு புரியும். மேப்பிள் எல்லாம் முன்னாடியே கொட்டி முடித்துவிடும், ஓக் நவம்பர் கடைசி வரை இழுத்தடிக்கும், சில கிளைகளில் பனிக்காலம் முழுக்க இலை தொங்கிக்கொண்டே இருக்கும். ரேக் வைத்து இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விட்டதால் இந்த வருடம் சருகை ஊதித் தள்ளும் ப்ளோயரில் மாட்டுகிற வேக்குவம் குழாயும் பையும் வாங்கினேன். ஊதுகிற குழாயைக் கழற்றிவிட்டு அகலக் குழாயை மாட்டினால் அதே மோட்டார் உறிஞ்சுகிறது, உள்ளே சுற்றும் விசிறி சருகைத் தூளாக்கித் தோளில் தொங்கும் பைக்குள் தள்ளுகிறது. முன்பக்கப் புல்தரையில் அருமையாக வேலை செய்தது, குறையே சொல்ல முடியாது.

அப்புறம் வேலிச்செடி அடியில் போனேன். மேலே மொறுமொறுவென்று காய்ந்த சருகு, கீழே மழையில் நனைந்து படிந்த அடுக்கு. சீராக இரைந்துகொண்டிருந்த மோட்டார் திடீரென்று கீச்சென்று ஏறியது, குழாய் வாயில் இழுப்பே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றிப் பார்த்தால், பைக்குப் போகிற வளைவில் வறட்டி தட்டிய மாதிரி இறுகிக் கிடக்கிறது. குச்சியால் குத்தியும் வரவில்லை, விரலால் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்தேன். திரும்ப மாட்டி ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கீச். ஈரச் சருகுக்கு இந்தச் சாமானே ஆகாதா, இல்லை ஓட்டுகிற விதம் ஏதாவது இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ அக்கா:
தம்பி, ஈரத்துக்கு ஆகவே ஆகாது. எங்கள் வளவில் நிற்பது இரண்டு நோர்வே மேப்பிள். இலையில் கறுப்புப் பொட்டு விழுமே, அதுதான். அது பூஞ்சை, மரத்துக்குப் பெரிய கேடு இல்லை. ரொறன்ரோவில் சருகைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நகரசபைக்காரர்கள் எடுக்க மாட்டார்கள், காகிதப் பை அல்லது மூடி இல்லாத தொட்டி, அதுவும் 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பத்துப் பைச் சருகு ஒரு பையாகும் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள், நன்றாகக் காய்ந்திருந்தால் ஏறக்குறைய வரும், ஈரம் பட்டிருந்தால் அதில் பாதிகூட வராது.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, குனிந்து அள்ளிப் பைக்குள் திணிப்பதுதான் அவருக்குக் கஷ்டம், அதனால் இதை வாங்கிக் கொடுத்தோம். தனியே முன் வளவு முழுவதையும் முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன். மூக்குக்கண்ணாடி, மீசை, காதோரம் எல்லாம் மண் நிறத்தில் மாப் போலத் தூசி. பையின் துணி வழியாகத் தூசி வெளியே வந்து அவர் மேலேயே படிந்திருக்கிறது, அவ்வளவையும் சுவாசித்திருக்கிறார். அன்றிரவு முழுக்க இருமல். சருகில் பூஞ்சை இருக்கும், ஆஸ்துமாக்காரர்கள் கிட்டேயும் போகக் கூடாது. இப்போது என்95 மாஸ்க், கண்ணுக்குக் கவசம், காதுக்கு மூடி இல்லாமல் அவரைத் தொட விடுவதில்லை. காற்று அடிக்கிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் தூசி முன்னால் போய்விடும், இதையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தோம். அரைத்த தூளை ஒக்டோபரில் உள்ளிப்பூண்டு நட்ட பாத்திக்கு மேல் தடிப்பாகப் பரப்பிவிடுவார், பையில் கட்டி வெளியே வைக்கிற பேச்சே இல்லை.

டெட்ராய்ட் பக்கம்:
சருகை அள்ளுவதே வீண் வேலை என்பது என் கட்சி. என் மச்சான் கொண்டுவந்த வேக்குவத்தை ஒரு மதியம் நானும் பிடித்துப் பார்த்தேன். பை நிறைய நிறையத் தோளில் கனம், நிறுத்து, கொட்டு, மாட்டு, மறுபடி கொட்டு. வாசல் பக்கம் முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய பிறகு ஐந்தரைக்கெல்லாம் இருட்டு என்பது தெரிந்த விஷயம்தானே. அதோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

புல்வெட்டும் மெஷினாலேயே சருகை அரைத்துப் புல்லுக்குள் விட்டுவிடுங்கள். மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டியில் புல்தரை ஆராய்ச்சி செய்கிறவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவருகிற விஷயம் இது. புல்லுக்குக் கெடுதல் இல்லை, டேண்டிலயன் களை முளைப்பதும் குறைகிறது. செய்முறை இதுதான்: மெஷின் உயரத்தை மேலே ஏற்றிக்கொள்ளுங்கள், சேகரிக்கும் பையைக் கழற்றிவிடுங்கள், சருகைப் பொடியாக்கும் மல்ச்சிங் பிளேடு இருந்தால் மாட்டுங்கள், ஒருமுறை நெடுக்காக ஒருமுறை குறுக்காக ஓட்டுங்கள். துண்டுகள் காசு அளவுக்குப் பொடிந்து, புல் நுனி அவற்றுக்கு மேலே தெரிய வேண்டும். புல்லை மூடினால் இன்னொரு தடவை ஓட்டுங்கள், அப்போதும் மூடினால் அந்தப் பங்கை மட்டும் அள்ளிக் கம்போஸ்டில் போடுங்கள். எல்லாம் கொட்டி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், வாரம் ஒருமுறை ஓட்டினால் மெஷின் திணறாது. கம்போஸ்டில் வெறும் சருகாகக் குவித்தால் மட்க வெகுகாலம் ஆகும், கார்பன் அதிகம். சமையலறைக் காய்கறித் தோலும் கடைசியாக வெட்டிய பச்சைப் புல்லும் கலந்தால் சூடு பிடிக்கும். ஓக் இலை தோல் மாதிரி தடிப்பு, அதை முழுசாகப் போட்டால் அடுத்த வருடமும் அப்படியே கிடக்கும், அரைத்துத்தான் போட வேண்டும். பிளேடு முனை மழுங்கியிருந்தால் எதுவும் நடக்காது, சாணை பிடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எடிசன்வாசி:
சார், புல்தரையில் நீங்கள் சொல்வது சரி, நான் மறுக்கவில்லை. எனக்குப் பிரச்சினை வேலிச்செடி அடியிலும், ஜல்லி கொட்டிய பக்கவாட்டுப் பாதையிலும், படிக்கட்டு மூலையிலும். அங்கே புல்வெட்டும் மெஷினை எப்படி விடுவது?

சான் ஹோசேக்காரன்:
ஜல்லி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தெருவெல்லாம் லிக்விடம்பர் மரம், ஊரார் ஸ்வீட்கம் என்பார்கள். நவம்பரில் சிவப்பும் ஊதாவுமாகப் பார்க்க அவ்வளவு அழகு. கூடவே முள்ளு முள்ளாகப் பெரிய கோலிக்குண்டு அளவில் காய் கொட்டும், காலில் மிதிபட்டால் கணுக்கால் திரும்பும். நான் வைத்திருந்தது பிளாஸ்டிக் விசிறி மாடல். சருகோடு அந்தக் காய் ஒன்று உள்ளே போனது, டக் என்று ஒரே அடி, அப்புறம் மெஷின் கையில் நிற்காமல் நடுங்க ஆரம்பித்தது. நிறுத்திக் கழற்றினால் விசிறியில் ஒரு இறக்கை முழுசாக இல்லை, உடைந்த துண்டு பைத்துணியைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது. துணி கொஞ்சம் மெல்லிசாக இருந்திருந்தால் என் இடுப்பில் ஏறியிருக்கும். வாரண்டி கேட்டதற்கு விற்றவர்கள், கடினமான பொருளை உறிஞ்சியதால் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். சருகு அள்ளுகிற மெஷினில் காய் போகாமல் எப்படி இருக்கும்? அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

உலோக விசிறி இருக்கிற மாடலை மட்டும் வாங்குங்கள். ஜல்லி மேல் வேக்குவத்தைக் காட்டவே காட்டாதீர்கள், முதலில் ஊதிச் சருகை சிமென்ட் தரைக்குத் தள்ளி, அங்கே உறிஞ்சுங்கள். கலிபோர்னியாவில் 2024 முதல் தயாராகும் புதிய பெட்ரோல் ப்ளோயரை விற்கக் கூடாது என்று விதி, அதனால் இங்கே எல்லோரும் பேட்டரிக்கு மாறுகிறார்கள். பேட்டரி மெஷினில் ஊதுவதைவிட உறிஞ்சி அரைப்பது சார்ஜைச் சீக்கிரம் குடித்துவிடும், இரண்டாவது பேட்டரி கைவசம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

இன்னொரு ஜெர்சிக்காரன்:
வயர் மாடல் வைத்திருப்பவர்களுக்கு: 12 ஆம்ப் மோட்டாருக்கு வீட்டில் கிடக்கிற மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைப் போட்டால் வயர் சூடாகும், மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்து இழுப்பும் குறையும். 100 அடி தேவையென்றால் 14 கேஜ் தடிமனுள்ள வயர் வாங்குங்கள், வெளியே போடுகிற ரகமாக இருக்கட்டும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக்கில் மட்டும் மாட்டுங்கள். எடிசன்வாசி சொன்ன இழுப்புக் குறைவுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம், சரிபாருங்கள்.

டெட்ராய்ட் சார் அள்ளுவதே வீண் என்கிறார், அதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் தெருவில் ஒருவர் அவ்வளவு சருகையும் தெருவோரம் தள்ளிவிட்டுப் போய்விட்டார், சரியாக மழைநீர் வடிகால் வாய்க்கு மேலேயே. இரவு கொட்டிய மழையில் வடிகால் அடைத்து, விடிகாலையில் எழுந்து பார்த்தால் எங்கள் டிரைவ்வேயில் பாதி தூரத்துக்குத் தண்ணீர், அதன் மேல் சருகு மெத்தை மிதக்கிறது. நான் ரேக்கோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி இழுத்துவிட்ட பிறகுதான் சுழித்துக்கொண்டு இறங்கியது. நியூ ஜெர்சியில் டவுன்ஷிப் விதியே இருக்கிறது: வடிகால் வாயிலிருந்து 10 அடிக்குள் குவிக்கக் கூடாது, எடுக்க வருகிற தேதிக்கு 7 நாளுக்கு முன் தெருவில் வைக்கவும் கூடாது. பண்டிகைக்கு வாசலைச் சுத்தம் செய்கிற அவசரத்தில் நம்மவர்களும் இதைச் செய்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

ஒட்டாவா குளிர்:
எல்லோரும் எப்படி உறிஞ்சுவது என்றே பேசுகிறீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், நான் குழாயைக் குவியலுக்குள் விடப் போனேன், "அப்பா நிறுத்துங்க" என்று கத்தினாள். குழாய் வாய்க்குச் சாண் தூரத்தில் ஒரு கம்பளிப்பூச்சி, இரண்டு முனையும் கறுப்பு, நடுவில் செம்பழுப்பு, பந்தாகச் சுருண்டு கிடக்கிறது. இஸபெல்லா டைகர் அந்துப்பூச்சியின் புழு அது. பனிக்காலம் முழுக்க இதே சருகுக்கு அடியில் புழுவாகவே கிடக்கும், உடம்பு உறைந்தாலும் சாகாமல் இருக்க கிளிசரால் சுரந்துகொள்ளும், வசந்தத்தில் எழுந்து கூடு கட்டும். அதன் நிறப்பட்டையைப் பார்த்துப் பனிக்காலம் கடுமையா என்று இங்கே ஜோசியம்கூடச் சொல்வார்கள். அவள் அதைக் கையில் எடுத்து வேலியோரம் விட்டாள், அது நிமிர்ந்து நடக்க ஆரம்பிக்கும் வரை நகரவில்லை. அந்த விசிறிக்குள் எத்தனை போயிருக்கும் என்று அன்று முதல் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மின்மினிப் புழுவும், லூனா அந்துப்பூச்சியின் கூடும் இதே சருகில்தான் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. நடைபாதையையும் வாசலையும் சுத்தம் செய்யுங்கள், மரத்தடியில் இருப்பதை விட்டுவிடுங்கள். டெட்ராய்ட் அண்ணா, புல்வெட்டும் மெஷின் பிளேடும் அதையேதான் செய்கிறது.

கனெக்டிகட் அம்மா:
ஒட்டாவாத் தம்பி, உங்கள் மகளின் மனசு பெரிது. ஆனால் எங்கள் ஊரில் சருகை வீட்டைச் சுற்றி விடச் சொல்லாதீர்கள். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய்க்குப் பெயர் கொடுத்த ஊரே இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. குளிர் வந்தால் உண்ணி போய்விடும் என்று நினைப்பார்கள், மான் உண்ணியில் வளர்ந்தவை அக்டோபர் நவம்பரில்தான் சுறுசுறுப்பாகத் திரியும். பையன் சருகுக் குவியலில் குதித்து விளையாடிவிட்டு வந்தான், எல்லாக் குழந்தைகளும் செய்கிறதுதான். குளிக்க வைக்கும்போது முழங்காலுக்குப் பின் மடிப்பில் எள் அளவுக்குக் கறுப்பாக ஒன்று. தேய்த்தேன், போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கால் தெரிகிறது. முனை மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தேன், மருத்துவரிடமும் காட்டினோம், நல்லபடியாக முடிந்தது. இன்றைக்கும் அவனுக்கு முழங்கால் மடிப்பைப் பார்க்காமல் தூங்கப் போக மாட்டேன்.

குழந்தைகள் விளையாடுகிற இடம், வீட்டுச் சுவரோரம், ஊஞ்சலடி இங்கெல்லாம் சருகு ஒன்றுகூட இருக்கக் கூடாது, அங்கே வேக்குவம் போடுங்கள். பின்னால் மரங்கள் தொடங்குகிற எல்லையில் விட்டுவிடுங்கள், புல்லுக்கும் அதற்கும் நடுவே 3 அடி அகலத்துக்கு மரச்சில்லு பரப்பிவிட்டால் உண்ணி தாண்டி வருவது குறையும். உங்கள் கம்பளிப்பூச்சிக்கும் இடம் இருக்கும்.

ஒட்டாவா குளிர்:
இது எனக்குச் சம்மதம்தான் அக்கா. எங்கள் பக்கமும் இப்போது உண்ணி வந்துவிட்டது.

ஸ்காபரோ அக்கா:
இதே மெஷினில் மாட்டிக் கூரையோரத்து மழைநீர்ப் பீலியில் இருக்கிற சருகை எடுக்கிற வளைந்த குழாய் விற்கிறார்கள், அப்பா அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். யாராவது பாவித்தீர்களா?

எடிசன்வாசி:
அது என்னிடம் இருக்கிறது அக்கா. ஒரு மாடி வீட்டுக்குத் தரையில் நின்றே எட்டும், காய்ந்த சருகு என்றால் ஊதித் தள்ளிவிடும், தலையில் கொட்டும், கண்ணாடி கட்டாயம். பீலியில் கறுப்புச் சேறு படிந்திருந்தால் ஒன்றும் அசையாது. உங்களுடையது இரண்டு மாடி என்றால் குழாய் எட்டாது, எட்டினாலும் அந்த நீளத்தை அவரால் தூக்கிப் பிடிக்க முடியாது. அதற்கு ஆளை வைத்துச் செய்துவிடுங்கள், ஏணியை மட்டும் அவர் கண்ணில் காட்டாதீர்கள்.