படகின் பின்பக்கக் கேமரா: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

நண்பர்களே, படகைப் பின்னோக்கி எடுத்துக் கட்டும்போது, ஓட்டும் இடத்திலிருந்து பின்பக்கம் சுத்தமாகத் தெரிவதில்லை. கேமரா வைக்கலாம் என்றிருக்கிறேன். காருக்கு விற்பதே போதுமா? ஐபி67 என்ற தூசி, நீர் புகாத் தரக் குறியீடு நன்னீரில் செய்யும் சோதனைதான். உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்பதே என் பயம்.

வயர்லெஸ் வேண்டாம். எப்படியும் 12 வோல்ட் மின்சாரத்துக்கு வயர் இழுத்தாக வேண்டும், அப்புறம் வீடியோ கேபிளையும் சேர்த்தே இழுத்துவிடலாமே! வெள்ளீயம் பூசிய செம்பு வயர், தனி ஃபியூஸ், இதெல்லாம் சரி. இடம்தான் குழப்பம். பின்பலகையில் தாழ்வாக வைத்தால் லென்ஸில் ஓயாமல் நீர் தெறிக்கும். கூரை விளிம்பில் வைத்தால் படகின் விளிம்புக்கும் கரைக்கும் உள்ள இடைவெளி சரியாகத் தெரியுமா? ஃபைபரில் துளையிடாமல் கம்பியில் கவ்வி மாட்டியவர்கள் உண்டா? அதிர்வில் படம் ஆடுகிறதா? பொருத்தியவர்கள் படம் போட்டால் பெரிய உதவி.