ஒப்பிக்கும் பிள்ளைகளை வாதாட வைப்பது எப்படி?

அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை நான். பேச்சு, விவாதக் குழுவில் ஒன்பது பிள்ளைகள். மூன்று நிமிடம் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். போன வாரம் ஒருத்தியை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டேன். திருதிருவென விழித்தாள். அப்புறம் "அவையோர்க்கு வணக்கம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள்! என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
முழு உரை எழுதிக் கொடுப்பதை நிறுத்துங்கள் டீச்சர். துண்டுச் சீட்டில் நாலே நாலு சொல் போதும். தலைப்பும் சண்டைக்கு இழுப்பதாக இருக்கட்டும்: பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 2:
எதிரணி சொன்னதை ஒரு வரியில் திருப்பிச் சொன்ன பிறகுதான் மறுக்கலாம் என்று விதி வையுங்கள். காது தானாகத் திறக்கும். பாதியில் அணியையும் மாற்றிவிடுங்கள். ஆனால் மனப்பாடத்தை அடியோடு விடாதீர்கள். தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி நடத்தும் மாவட்டப் பேச்சுப் போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய். அங்கே தயார் உரைதான் கைகொடுக்கும்.

கேட்டவர்:
சரி, இன்று பி.டி. பீரியட் தலைப்பைக் கொடுத்தேன். அதே பிள்ளை வணக்கம் சொல்லவே மறந்துவிட்டாள். கணக்கு சார் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.